பதினாறு வயதில் விட்டுவந்த கணக்கு

(நூற்றாண்டு விழாவையொட்டி உயர்தர, சாதாரண தர மாணவிகளுக்காக நடத்தப்பட்ட கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



‘உயர்கல்வியில் பெண்கள்’ என்ற தலைப்பில் பேசும்படி சங்கத்தார் கேட்டிருந்தார்கள். அதற்குள்ளே ஒரு சின்ன மூலையை மட்டும் எடுத்துக்கொள்கிறோம் என்று அனுமதி கேட்டோம். கலாநிதிப் பட்டப் படிப்புக்குப் போகுமுன் ஒருவருக்கு எவ்வளவு கணிதம் தெரிந்திருக்க வேண்டும் என்பதே அந்த மூலை. செயலாளர் சிரித்துவிட்டார். “சாதாரண தரக் கணிதத்துக்கே பிள்ளைகள் பயப்படுகிறார்கள், நீங்கள் கலாநிதிப் பட்டத்தைப் பற்றிப் பேசப்போகிறீர்களா?” என்றார். அந்தப் பயத்துக்கும் இந்தப் பட்டத்துக்கும் இடையே எவ்வளவு குறுகிய தூரம் என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறோம்.

நாங்கள் என்று சொல்லும்போது இருவரைச் சொல்கிறோம். இருவரும் இதே மண்டபத்தில் நிலத்தில் உட்கார்ந்து காலைக் கூட்டம் கேட்டவர்கள். ஒருத்தி டன்சினன் பக்கத்திலிருந்தும் மற்றவள் ஷீன் பக்கத்திலிருந்தும் நடந்து வந்தோம். ஒருத்தி வைத்தியரானாள், மற்றவள் விவசாய விஞ்ஞானம் படித்தாள். முப்பத்தைந்து வயதில் இருவரும் ஒரே வருடத்தில் கலாநிதிப் படிப்பைத் தொடங்கினோம். ஒருத்தியின் ஆய்வு தோட்டப் பிள்ளைகளின் போசாக்கைப் பற்றியது, மற்றவளுடையது மண்ணைப் பற்றியது. இன்று மேடையில் நிற்பது ஒருவர்தான் என்றாலும், இந்த உரையை இருவரும் சேர்ந்தே எழுதினோம்.

எங்கள் இருவருக்கும் பொதுவான ஒன்று உண்டு. க.பொ.த. உயர்தரத்தில் உயிரியல் விஞ்ஞானப் பிரிவை எடுத்தோம். உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் ஆகிய மூன்றுதான் பாடங்கள். இணைந்த கணிதம் பொறியியலுக்குப் போகிறவர்களுக்கு உரியது. ஆகவே சாதாரண தரப் பரீட்சை மண்டபத்தை விட்டு வெளியே வந்த அன்று, கணிதப் புத்தகத்தைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு, ஒரு சுமை இறங்கியது என்று மகிழ்ந்தோம். பௌதிகவியலில் வந்த சூத்திரங்களை மனப்பாடம் செய்தோம். மடக்கை அட்டவணையைப் புரட்டத் தெரியும், மடக்கை என்றால் என்னவென்று தெரியாது. இரசாயனவியலில் பீஎச் பெறுமானத்தைக்கூட அப்படித்தான் கணித்தோம். பரீட்சைக்கு அது போதுமாக இருந்தது.

பல்கலைக்கழகத்திலும் அது போதுமாக இருந்தது. மருத்துவ பீடத்தில் சமுதாய மருத்துவத்தோடு சிறிது புள்ளிவிபரவியல் வரும். கணினி தரும் விடையில் 0.05க்குக் குறைவான எண்ணைத் தேடிக் கண்டுபிடித்தால் சந்தோஷம். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று நாங்கள் கேட்கவில்லை.

கலாநிதிப் படிப்பின் முதல் வாரத்தில் அந்தக் கேள்வி எங்களைத் தேடி வந்தது. விரிவுரையாளர் பலகையில் ஒரு தொகையீட்டுக் குறியை எழுதினார். அதற்கடுத்து ஒரு தாயம். “இது உங்களுக்குத் தெரிந்ததுதானே” என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போனார். வகுப்பில் பாதிப் பேர் தலையசைத்தார்கள். நாங்களும் அசைத்தோம். முதல் மாதப் பரீட்சையில் எங்களில் ஒருத்திக்கு நூற்றுக்கு 31. பல வருடங்கள் நோயாளரைப் பார்த்து, கிராமத்துக்குக் கிராமம் கிளினிக் நடத்தி, இலகுவில் அசையாத ஒருத்தி அன்று விடுதிக் குளியலறையில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். படிப்பை விட்டுவிடுவதாகக் கடிதமும் எழுதிவிட்டாள். மற்றவள் தொலைபேசியில், “ஒரு கிழமை பொறு, அதன் பிறகு கடிதத்தைக் கொடு” என்றாள். அந்த ஒரு கிழமையில்தான் சாதாரண தரப் புத்தகத்தைத் திரும்ப வாங்கினோம்.

தங்கைமாரே, உங்களுக்கு நன்கு தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்குவோம். இசட் புள்ளி. உயர்தரப் பெறுபேறு வரும் நாளில் இந்த மலைநாட்டில் எத்தனை வீடுகளில் அந்த ஓர் எண்ணுக்காகக் காத்திருக்கிறார்கள்! எங்கள் காலத்தில்தான், 2001ஆம் ஆண்டளவில், பல்கலைக்கழக அனுமதிக்கு அது நடைமுறைக்கு வந்தது. எங்கள் விதியைத் தீர்மானித்த எண் எப்படிக் கணிக்கப்படுகிறது என்று எங்களுக்குச் சொல்லித் தரப்படவில்லை, நாங்களும் கேட்கவில்லை. உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? கை உயர்த்தத் தேவையில்லை.

விளக்கத்துக்காக ஓர் உதாரணம். ஒரு பிள்ளைக்கு உயிரியலில் 62, பௌதிகவியலில் 55, இரசாயனவியலில் 50. எதில் நன்றாகச் செய்திருக்கிறாள்? உயிரியல் என்பீர்கள். அந்த வருடம் உயிரியல் எழுதிய எல்லோருடைய இடை 47, நியம விலகல் 15 என்று வையுங்கள். அவள் புள்ளியிலிருந்து இடையைக் கழித்து, வருவதை நியம விலகலால் வகுத்தால் 1. பௌதிகவியலில் இடை 40, நியம விலகல் 10 என்றால் அவளுக்கு 1.5. இரசாயனவியலில் இடை 42, நியம விலகல் 16 என்றால் 0.5. மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் அவளுடைய இசட் புள்ளி 1. பார்த்தீர்களா, 62ஐ விட 55 பெறுமதி கூடியது. கடினமான பாடத்தில் எல்லோரும் நெருங்கி நிற்கும்போது அவள் தனித்துத் தெரிகிறாள்.

கழித்தல், வகுத்தல், இடை, நியம விலகல். எல்லாம் சாதாரண தரப் புத்தகத்தைச் சுற்றியுள்ள விடயங்களே. இந்த எண்ணைக் கொண்டுதான் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய மாவட்டம் என்று இடங்கள் பகிரப்படுகின்றன. நம் நுவரெலியா மாவட்டம் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கிறது என்பதையும் அறிவீர்கள்.

இதே இசட் புள்ளியை நாங்கள் இரண்டாவது தடவை சந்தித்த இடத்தைச் சொல்கிறோம். நீங்கள் குழந்தையாக இருந்தபோது மிட்வைஃப் அக்கா உங்களை நிறுத்து, உயரம் பார்த்து, ஒரு பதிவேட்டில் புள்ளியிட்டிருப்பார். அதிலுள்ள வளைகோடுகளுக்குள்ளும் இருப்பது இசட் புள்ளிதான். உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சி நியமத்தின்படி, இரண்டு வயதுப் பெண் பிள்ளையின் நடு உயரம் 85.7 சென்றிமீற்றர். ஒரு நியம விலகல் ஏறத்தாழ 3.2 சென்றிமீற்றர். இடைக்குக் கீழே இரண்டு நியம விலகல், அதாவது 79.3 சென்றிமீற்றருக்கும் குறைவாக ஒரு பிள்ளை இருந்தால், வயதுக்கேற்ற உயரமில்லை என்று பதிகிறோம். 77.7 சென்றிமீற்றர் உயரமுள்ள பிள்ளையின் இசட் புள்ளி மறை 2.5.

2016ஆம் ஆண்டின் குடிசன சுகாதார ஆய்வின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறத்தாழ 17 வீதத்தினர் இந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தார்கள். தோட்டப் பகுதியில் அது ஏறத்தாழ 32 வீதம். மூன்றில் ஒரு பிள்ளை. அது ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு விடை சொல்வார்கள். தாயின் உயரம், தாயின் இரத்தச்சோகை, லயன் அறையின் நெரிசல், குடிநீர், சம்பளம், பிள்ளை மடுவத்தில் கிடைக்கும் உணவு. இவற்றில் எது எவ்வளவு காரணம் என்று பிரித்தறிவதற்குத்தான் பிற்செலவுப் பகுப்பாய்வு என்ற கணிதம் வேண்டும். அந்தக் கணிதம் தெரிந்தவர்கள் நம்மைப் பற்றி எழுதுகிறார்கள். நாம் அவர்களுக்கு வீடு காட்டுகிறோம், மொழிபெயர்க்கிறோம், பிள்ளைகளைத் தூக்கிப் பிடிக்கிறோம். எழுதுகிறவர்கள் கெட்டவர்கள் அல்லர், அவர்களில் பலரிடம் நாங்கள் நிறையக் கற்றோம். ஆனால் எந்தக் கேள்வியைக் கேட்பது என்று தீர்மானிக்கும் மேசையில் நம் பிள்ளை ஒருத்தி உட்கார வேண்டுமென்றால், அவளுக்கு அந்தக் கணக்கு வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

மேசையில் இருந்தால் என்ன வித்தியாசம் என்று ஓர் உதாரணம் சொல்கிறோம். புள்ளிவிபரவியலில் இரண்டு வகை வழுக்கள் உண்டு என்று விரிவுரையாளர் விளக்கினார். தராசு முள் ஆடுவதால் ஒரு தடவை கூடவும் ஒரு தடவை குறையவும் காட்டுவது ஒரு வகை. பல தடவை நிறுத்து இடை எடுத்தால் அது அநேகமாக நீங்கிவிடும். ஒவ்வொரு தடவையும் ஒரே பக்கமாகச் சாய்வது மற்ற வகை. எத்தனை ஆயிரம் தடவை நிறுத்தாலும் அது நீங்காது. வகுப்பில் மற்றவர்கள் குறிப்பெழுதிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு எழுதத் தேவைப்படவில்லை. கூடைக்கும் ஈரத்துக்கும் என்று ஒவ்வொரு நிறுவையிலும் இரண்டு கிலோ கழிபடுவதையும், அதனால் பேருக்கு வேண்டிய கிலோ சேராமல் அரைப் பேர் விழுவதையும் அம்மாமார் இரவில் விரல்விட்டு எண்ணிப் பார்த்ததைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த வகுப்பில் எங்களுக்கு முதன்முதலாக நம்பிக்கை வந்தது அன்றுதான்.

இப்போது எங்கள் வகுப்பின் மூன்றாவது தோழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், ஆகவே சொல்லவில்லை. தரம் 6 முதல் 11 வரை கணக்கில் முதலாவதாக வந்தது எங்கள் இருவரில் எவரும் அல்லர், அவர்தான். இணைந்த கணிதம் படிக்க வேண்டியவர். அந்த வருடம் எட்டக்கூடிய தூரத்தில் தமிழ்மொழி மூலம் அந்த வகுப்பு இருக்கவில்லை. ஹட்டனிலோ நுவரெலியாவிலோ தங்கிப் படிக்க வீட்டில் வசதி இல்லை. அவருக்குக் கீழே மூன்று பேர். கலைப் பிரிவில் சேர்ந்தார். பிறகு திருமணம், பிள்ளைகள், பகலில் ஒரு கடையில் கணக்கெழுதும் வேலை. மாலையில் தன் வீட்டு வாசலில் சாதாரண தரப் பிள்ளைகளுக்குக் கணித டியூஷன்.

நாங்கள் மடக்கையில் சிக்கி நின்றபோது அவரைத்தான் அழைத்தோம். சிரித்தார். “இரண்டை இரண்டால் பெருக்கிக்கொண்டே போனால் எத்தனை இரண்டுகளில் 32 வரும்?” என்று கேட்டார். ஐந்து என்றோம். “அந்த ஐந்துதான் மடக்கை. அவ்வளவுதான் டீ” என்றார். பதினெட்டு வருடங்களாக மூடிக்கிடந்த ஒரு கதவு அந்த ஒரு வசனத்தில் திறந்தது. பெருக்கல் ஏன் மடக்கையில் கூட்டலாகிறது என்பதும் அதன் பின் தானாகவே விளங்கியது.

மடக்கை எதற்கு என்று கேட்பீர்கள். ஒரு பிள்ளை போசாக்குக் குறைந்ததா இல்லையா, நோயாளி பிழைத்தாரா இல்லையா என்று மருத்துவத்தில் பெரும்பாலான கேள்விகளுக்கு ஆம், இல்லை என்ற இரண்டே விடைகள். நிகழ்தகவு பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் இடையே அடைபட்டிருக்கும், நேர்கோடு அதற்குள் அடங்காது. ஆகவே நூறு பேரில் 20 பேருக்கு நோய் என்றால், 20க்கு 80 என்று விகிதமாக்குகிறோம், 0.25. 80 பேருக்கு நோய் என்றால் 4. இரண்டுக்கும் இயற்கை மடக்கை எடுத்தால் மறை 1.386, நேர் 1.386. பாதிக்குப் பாதி என்றால் பூச்சியம். அடைபட்டிருந்தது இரு பக்கமும் எல்லையில்லாமல் விரிந்துவிட்டது, இனிக் கோடு போடலாம். இதற்கு ‘லொஜிட்’ என்று 1944இல் பெயர் வைத்த ஜோசப் பேர்க்சன் ஒரு வைத்தியர்.

வைத்தியர்களுக்கும் கணிதத்துக்கும் தூரம் என்று நினைப்பவர்களுக்கு இன்னும் இருவரைச் சொல்கிறோம். மலேரியாவை நுளம்பு பரப்புகிறது என்பதற்கான தடயத்தை 1897இல் செக்கந்தராபாத்தில் கண்டு, 1902இல் நோபல் பரிசு பெற்றவர் ரொனால்ட் ரோஸ். அவருக்குக் கணிதம் தானே படித்துக்கொண்ட வித்தை. 1908இல் மொரீஷியஸ் தீவின் மலேரியா பற்றி எழுதிய அறிக்கையில் சமன்பாடுகளைப் பயன்படுத்தினார். நம் முன்னோரைப் போலக் கடல் கடந்து கொண்டுபோகப்பட்டவர்கள் கரும்புத் தோட்டங்களில் உழைத்த தீவு அது. எல்லா நுளம்புகளையும் கொல்ல வேண்டியதில்லை, ஓரளவுக்குக் கீழே குறைத்தால் நோய் தானாகவே தேயும் என்பதைக் கணிதத்தால் காட்டினார். 1934, 35இல் ஏறத்தாழ 80,000 உயிர்களைப் பறித்த மலேரியா, 2016இல் இலங்கையிலிருந்து நீங்கியதாக உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அதற்குப் பின்னால் எத்தனையோ பேரின் உழைப்பு இருக்கிறது. இந்தச் சிந்தனையும் இருக்கிறது.

ரோஸின் வழியில் வந்தவர் மெக்கென்ட்ரிக். இந்திய மருத்துவ சேவையில் இருந்த வைத்தியர், கசௌலியின் பாஸ்டர் நிறுவனத்தை நடத்தியவர். கேர்மாக் என்பவரோடு சேர்ந்து அவர் 1927இல் எழுதிய கட்டுரை, தொற்று பரவுவதை வகையீட்டுச் சமன்பாடுகளால் விவரித்தது. நோய் தொற்றக்கூடியவர், நோயுற்றவர், நோயிலிருந்து நீங்கியவர் என்று மக்களை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு தொகையும் நாளுக்கு நாள் எவ்வளவு மாறுகிறது என்று எழுதும் முறை அது. கொவிட் காலத்தில் தொலைக்காட்சியில் நீங்கள் பார்த்த வளைகோடுகளின் மூதாதை அதுதான். கேர்மாக் ஓர் இரசாயனவியலாளர். 1924இல் ஆய்வுகூட விபத்தில் இரு கண்களையும் இழந்தவர். அந்தச் சமன்பாடுகளை அவர் மனத்தில் வைத்துத்தான் செய்தார்.

சரி, என்ன படிக்க வேண்டும், எப்படிப் படிக்க வேண்டும்? எங்கள் அனுபவத்தில் தேறியதை வரிசையாகச் சொல்கிறோம். மருத்துவம், விவசாயம், உயிரியல், சமூக ஆய்வு ஆகிய துறைகளில் கலாநிதிப் பட்டத்தை நினைப்பவர்களுக்கு இது பொருந்தும்.

முதலாவது, உங்கள் துறையின் அண்மைய ஆய்வுக் கட்டுரைகள் மூன்றை எடுங்கள். வாசிக்கத் தெரியாத ஒவ்வொரு குறியையும் பென்சிலால் வட்டமிடுங்கள். அந்த வட்டங்கள்தான் உங்கள் பாடத்திட்டம். மேற்பார்வையாளராக வரப்போகிறவரிடம் அதைக் காட்டி, எது முதலில் வேண்டும் என்று கேளுங்கள். முதலாண்டுப் பாடத்திட்டத்தையும் பழைய வினாத்தாள்களையும் கேட்டு வாங்குங்கள். கேட்டால் தருவார்கள். நாங்கள் கேட்க வெட்கப்பட்டதால் ஒரு வருடத்தை இழந்தோம்.

இரண்டாவது, சாதாரண தர அட்சரகணிதம். பின்னங்கள், சுட்டிகள், மடக்கை, சமன்பாடுகள், வரைபுகள். இரண்டு மாதம் போதும், ஆனால் தாண்டிப் போகாதீர்கள். நாங்கள் தடுமாறிய இடங்களில் பாதிக்குமேல் நுண்கணிதத்தில் அல்ல, பின்னங்களைச் சுருக்குவதில்தான்.

மூன்றாவது, தரம் 12, 13 இணைந்த கணிதத்திலிருந்து சார்புகள், எல்லை, வகையீடு, தொகையீடு. நிலையியல், இயக்கவியல் பகுதிகளை இப்போதைக்கு விட்டுவிடலாம். பெறுதி என்றால் மாறும் வேகம், தொகையீடு என்றால் சிறிது சிறிதாகச் சேர்த்த மொத்தம். இந்த இரண்டு கருத்தும் கைவசமானால், கடினமான நுட்பங்களைத் தேவைப்படும்போது கற்றுக்கொள்ளலாம்.

நான்காவது, நிகழ்தகவு. வைத்தியராகப் போகிறவர்களுக்கு இது ஆய்வுக்கு மட்டும் வேண்டியதன்று. 1,000 பேரில் 10 பேருக்கு ஒரு நோய். பரிசோதனை அந்தப் பத்தில் ஒன்பதைப் பிடிக்கிறது. நோயில்லாத 990 பேரில் பத்து வீதத்தை, அதாவது 99 பேரை, நோயாளி என்று தவறாகச் சொல்கிறது. நோய் என்று முடிவு வந்தவர்கள் 108 பேர், உண்மையில் நோயுள்ளவர்கள் 9 பேர். பன்னிரண்டு பேரில் ஒருவர்! அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு நடுங்கும் ஒரு தாயிடம் என்ன சொல்வது என்பது இந்தக் கணக்கில் இருக்கிறது.

ஐந்தாவது, தாயங்கள். ஆய்வில் நாம் சேர்க்கும் தரவு முழுவதும் ஒரு பெரிய அட்டவணைதான். ஆளுக்கொரு நிரை, அளவைக்கொரு நிரல். கணினி அந்த அட்டவணையைத் தாயமாக எடுத்துக்கொண்டுதான் விடை காண்கிறது. கூட்டல், பெருக்கல், நேர்மாறு ஆகியவற்றைச் சிறிய தாயங்களில் கையால் செய்து பாருங்கள்.

ஆறாவதாகப் புள்ளிவிபரவியலும் ‘ஆர்’ போன்ற ஒரு கணினி மொழியும். ‘ஆர்’ இலவசமானது, பழைய மடிகணினியிலும் ஓடும். ஆனால் இதை ஆறாவதாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நாங்கள் இதிலிருந்து தொடங்கியதால்தான், விடை வந்தும் அர்த்தம் தெரியாமல் நின்றோம்.

புத்தகத்துக்குப் பணம் வேண்டியதில்லை. அரசாங்கப் பாடநூல்களும் தேசிய கல்வி நிறுவகத்தின் இணைந்த கணித வளநூல்களும் தமிழில் இருக்கின்றன. கல்வி அமைச்சின் ‘ஈ-தக்சலாவ’ தளத்தில் பாடங்கள் கிடைக்கின்றன. ஆங்கிலம் ஓரளவு வந்ததும் கான் அக்கடமியைப் பாருங்கள். எம்.ஐ.டி.யில் கில்பர்ட் ஸ்ட்ராங் தாயங்களைப் பற்றி நடத்திய விரிவுரைகளை வீட்டிலிருந்தே பார்க்கலாம். முதலில் தமிழில் விளங்கிக்கொண்டு பிறகு ஆங்கிலச் சொல்லைக் கற்றபோது எங்களுக்கு இரண்டும் நிலைத்தன.

நாளுக்கு ஒரு மணித்தியாலம், ஒரு வருடம். எங்கள் கணக்கு அதுதான். பேனாவால் எழுதிச் செய்யுங்கள். விடையைப் பார்க்குமுன் குறைந்தது அரை மணித்தியாலம் முட்டிப் பாருங்கள். இருவராகச் சேர்ந்து படியுங்கள். இரவு ஒன்பது மணிக்குத் தொலைபேசியில் ஒருத்தி ஒரு கணக்கை மற்றவளுக்கு விளக்க வேண்டும் என்று நாங்கள் ஒரு விதி வைத்திருந்தோம். விளக்க முடியாவிட்டால் விளங்கவில்லை என்று அர்த்தம்.

பொறியியல், பௌதிகவியல், கணினி விஞ்ஞானம், பொருளியல் பக்கம் போகிறவர்களுக்கு ஏணி இன்னும் உயரம். ஏகபரிமாண அட்சரகணிதமும் பகுப்பாய்வும், எல்லாவற்றுக்கும் மேலாக நிறுவல் எழுதும் பழக்கமும் வேண்டும். நம் கணித மேதை ராமானுஜனுக்கே அது பிந்தித்தான் வந்தது. ஆயிரக்கணக்கான முடிவுகளை, பெரும்பாலும் நிறுவலில்லாமல் அடுக்கிய ஒரு பழைய நூலைக் கொண்டு தானே கற்றவர் அவர். 1914இல் கேம்பிரிட்ஜ் போன பிறகுதான் நிறுவும் முறையை ஹார்டியிடம் கற்றார். அமெரிக்காவில் பொருளியல் கலாநிதிப் படிப்பு நடத்தும் பல்கலைக்கழகங்கள் பல, முதல் தவணைக்கு முன் சில வாரங்கள் கணித முகாம் நடத்துகின்றன. மிகத் திறமையான மாணவர்களுக்கே அப்படியொரு முகாம் தேவைப்படுகிறது என்றால், நமக்குத் தேவைப்படுவதில் என்ன வெட்கம்?

இறுதியாகப் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. 1945இல் இந்நாட்டில் இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பாடசாலைகள் அந்த வாசலுக்கு வெளியே நின்றன. அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்றது 1970களில்தான். ஒரு தலைமுறைக்கு மேலான அந்தத் தாமதம் எல்லாப் பாடங்களையும் பாதித்தது, ஆனால் கணிதத்தில்தான் கூடத் தெரிகிறது. வரலாற்றை வாசித்துப் பிடித்துக்கொள்ளலாம். கணிதம் படிப்படியாக ஏறுவது. ஒரு வருடம் ஆசிரியர் இல்லாவிட்டால், அந்த ஒரு படி இல்லாமல் மேலே உள்ள எல்லாப் படிகளும் அந்தரத்தில் நிற்கும். பிறகு அந்தப் பிள்ளையிடமே, “உனக்குக் கணக்கு வராது” என்று சொல்லிவிடுகிறோம். எங்கள் தோழிக்குக் கணக்கு வந்தது. வகுப்புத்தான் வரவில்லை.

ஆகவே சங்கத்திடம் ஒரு கோரிக்கை வைக்கிறோம். நூற்றாண்டு நினைவாக வாயில் வளைவும் கல்வெட்டும் கட்டுவது நல்லதுதான். அதோடு சனிக்கிழமை காலைகளில் இரண்டு மணித்தியாலம் ஒரு கணித வகுப்பு தொடங்குவோம். தரம் 9 முதல் 11 வரையுள்ளவர்களுக்கு விடுபட்ட படிகள். உயர்தர உயிரியல் மாணவிகளுக்கு, பரீட்சைக்கு வராத, ஆனால் வாழ்க்கையில் வரப்போகிற நுண்கணிதமும் நிகழ்தகவும். இணைந்த கணித ஆசிரியர் ஒருவரைத் தலவாக்கலையிலிருந்து அழைத்து வர பஸ் செலவும் சிறு கொடுப்பனவும் வேண்டும். முதல் இரண்டு வருடங்களுக்கு அதை நாங்கள் இருவரும் ஏற்கிறோம். மூன்றாம் வருடத்திலிருந்து சங்கம் ஏற்க வேண்டும். மாதம் ஒரு தடவை நாங்களே வந்து ஒரு வகுப்பு எடுக்கிறோம்.

தரம் 9, 10, 11 வகுப்புகளுக்கு ஆசிரியர் கிடைத்துவிட்டார். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்ட அதே தோழிதான். கடையில் சனிக்கிழமை அரைநாள் விடுமுறை கேட்டு வாங்கிவிட்டார். மூன்றாவது வரிசையில், சுவரோரமாக உட்கார்ந்திருக்கிறார். அவருடைய மகள் இவ்வருடம் இதே பாடசாலையில் தரம் 11இல் படிக்கிறாள். இணைந்த கணிதம்தான் படிக்கப் போகிறாளாம்.

 வகுப்பு வருகிற சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு. கொப்பியும் பென்சிலும் கொண்டு வாருங்கள்.